பேங்க் வீட்டு ஓட்டை

என் அண்ணியைப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. 'கோணல் அக்கா' என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஆள் கோணல் இல்லை. நிமிர்ந்து நடப்பார், முகத்துக்கு நேரே பேசுவார். அவர் விற்றுக்கொடுக்கிற வீடுகள்தான் கோணல். சதுரமான அறைகள், காற்றோட்டமான கூடம், கார் நிறுத்த இடம் என்று யாராவது விற்க வந்தால், "அதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்காங்க, என்னை ஏன் தேடி வந்தீங்க?" என்று அனுப்பிவிடுவார். படுக்கையறைக்கு நடுவில் கிணறு உள்ள வீடு, ஏறிப் போனால் சுவரில் முட்டி நிற்கிற மாடிப்படி வீடு, எல்லா அறையையும் வட்டமாகக் கட்டி ஒரு பீரோவைக்கூடச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாத வீடு, இதெல்லாம்தான் அவருடைய சரக்கு.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அண்ணி ஒரு பெரிய தரகர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அங்கே விலைபோகாத வீடுகளின் போட்டோக்களைப் போட்டு வைக்கிற டிராயர் ஒன்று இருந்தது. முதலாளி ஒருநாள் விளையாட்டாக, "வேணும்னா இதையெல்லாம் நீயே வித்துக்கோம்மா" என்றாராம். அண்ணிக்கு விளையாட்டுப் பேச்சு புரியாது. டிராயரைக் கையோடு கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாடிப்படி முட்டி நிற்கிற வீட்டை ஒரு நூலகர் வாங்கினார். இப்போது அந்தப் படி நெடுகப் புத்தகம் அடுக்கியிருக்கிறார். அதிலிருந்து அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. என் அண்ணன் லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் வாய் திறக்காதவர். ஆகவே அண்ணியோடு அலைகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வீட்டைப் போட்டோ எடுப்பேன், விளம்பரம் எழுதுவேன், திறக்காத கதவைத் தோள் கொடுத்துத் திறப்பேன்.

அண்ணிக்குத் தொழிலில் இரண்டு பிடிவாதம். முதலாவது, வீட்டின் குறையை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடும்: கூரை எங்கே ஒழுகும், எந்த ஜன்னல் மூடாது, எலி எந்த வழியாக வரும். அவர்கள் முகம் வாடும். "சரி, உள்ள வாங்க" என்பார். அப்புறம் உள்ளே பார்க்கிற ஒவ்வொன்றும் அவர்களுக்கு நல்லதாகவே தெரியும். விளம்பரமும் அப்படித்தான். கிணற்று வீட்டுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது: 'பழைய வீடு. சுவர் வேர்க்கும். படுக்கையறையில் கிணறு உண்டு. தூக்கத்தில் நடப்பவர்கள் விசாரிக்க வேண்டாம்.' அந்த வாரம் முழுக்கப் போன் ஓயவில்லை.

இரண்டாவது, வீட்டுக்காரரை உள்ளே வைத்துக்கொண்டு வீடு காட்டமாட்டார். இது தரகர்கள் எல்லாரும் செய்வதுதான். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் காரியம் கெட்டது. ஒன்று, அவர் கண் கலங்கி, வந்தவர்கள் பாவம் பார்த்து நழுவுவார்கள். இல்லாவிட்டால் வாய் திறந்து, சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி ஓட வைப்பார். "ஒரு மணி நேரம் எங்கயாவது போய்ட்டு வாங்க, நான் கூப்பிடுறேன்" என்று அண்ணி குடையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். சொந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டு, தெருமுனையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அண்ணி பார்த்ததில்லை. அவர் அந்த நேரம் உள்ளே வேலையாக இருப்பார்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் பேங்க் வீடு.

அது நிஜமாகவே பேங்க்காக இருந்த கட்டடம். பேங்க் வேறு இடத்துக்கு மாறியபோது, அதில் கேஷியராக இருந்தவர் அதை வாங்கிக் குடிவந்துவிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கடிகாரம் பார்த்த மனுஷன், ரிட்டயரானதும் ஆபீசையே வீடாக்கிக்கொண்டதை என்னவென்று சொல்வது? கூடத்தின் குறுக்கே கம்பி போட்ட கவுன்ட்டர் அப்படியே நின்றது. சமையல் அந்தப் பக்கம், சாப்பாடு இந்தப் பக்கம். அவர் மனைவி இருந்தவரைக்கும் 'பணம் கட்டுமிடம்' என்று எழுதிய சின்ன ஜன்னல் வழியாகத்தான் அவருக்குத் தட்டை நீட்டினாராம், திட்டிக்கொண்டே. மனைவி போன பிறகு கேஷியர் தனி ஆள். நெஞ்சு வேறு பலவீனம். இளைப்பு வந்தால் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுவார். வெளியூரில் இருந்த மகள், "இந்த ஈரச் சுவத்துக்குள்ள அப்பாவை இன்னொரு மழைக்காலம் விட்டு வைக்க முடியாது, சீக்கிரம் வித்துக் கொடுங்கக்கா" என்று அண்ணிக்குப் போன் மேல் போன். அவரும் கிளம்பச் சம்மதித்திருந்தார்.

கூடத்துக்குப் பின்னால் லாக்கர் அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே போய் ஒரு பக்கமாக மடங்கும், மடங்குகிற இடத்தில் இரும்பு அலமாரிகள். அதற்கு ஒரு இரும்புக் கதவு, கனம் என்றால் அப்படி ஒரு கனம். ஆனால் விரலால் தள்ளினாலும் வழுக்கிக்கொண்டு போய்த் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க இரண்டு சாவி வேண்டும். சாவித் துவாரம் வெளிப்பக்கம் மட்டும்தான். அதனால் திறந்திருக்கும்போதெல்லாம் கதவின் அடியில் கேஷியர் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருப்பார். பேங்க் நாளில் யாராவது தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சுவிடுவதற்காக, கூடத்துச் சுவரில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். கை நுழைகிற அளவு. சுவரின் கனம் முழங்கை நீளத்துக்கு மேல். உள்ளே ஒரு மூடி, கூடத்துப் பக்கம் திருகுபோட்ட ஒரு இரும்பு மூடி. பேங்க் இருந்தவரைக்கும் இந்த வெளிமூடியைத் திருகாமல் திறந்தே வைத்திருப்பார்களாம்.

அந்த ஓட்டைதான் எங்கள் வயிற்றில் அடித்தது. முதலில் வந்தவர்களுக்குக் கேஷியரே அதன் மகிமையை விளக்கினார். ஒரு பியூன் சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வெளியே வந்த கதையை, பியூன் அழுத அழுகையோடு நடித்துக் காட்டினார். அவர்கள் வாசலில் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அண்ணி அவரைக் கண்டிப்பாக வெளியே அனுப்பினார். ஆனால் அடுத்து வந்தவர்களும், அதற்கடுத்து வந்தவர்களும் சுவரைக் காட்டி அது என்ன என்று கேட்டார்கள். அண்ணி உள்ளதைச் சொன்னார். கேட்டவர்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேஷியரின் இருமல் வாசல் வரைக்கும் கேட்டது. அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அண்ணி வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஆளைக் கூப்பிட்டு, மூடியின் மேல் பலகை அடித்து, பட்டி பார்த்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார்.

"அண்ணி, இது நம்ம வழக்கமில்லையே" என்றேன்.

"அவர் நெஞ்சு தாங்காதுடா. வித்தா போதும். வந்தவங்க குடிவந்தப்புறம் நானே சொல்லித் திறந்து விட்டுடறேன்."

கேஷியர் திரும்பி வந்து கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். "முகம் பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பேசினால் திட்டு விழும் என்று அதற்குள் பழகியிருந்தார்.

அடுத்து வந்த ஜோடியில் கணவர் ஒலிப்பதிவு செய்கிறவர், மனைவி பல் டாக்டர். அன்று தூறிக்கொண்டிருந்தது. அண்ணி லாக்கர் அறையைத் திறக்கச் சொல்லிக் கட்டையைச் செருகிவிட்டு, கேஷியரை வழக்கம்போல் வெளியே அனுப்பினார். "சாவி மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார் அவர். கதவுதான் திறந்திருக்கிறதே என்று அண்ணியும் விட்டுவிட்டார். குடையை விரித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒலிப்பதிவாளர் தோளில் நீளமான பையோடு வந்தார். நல்ல மனுஷன், எதைப் பார்த்தாலும் சிரிப்பு. டாக்டரம்மா அப்படியில்லை. வாயைத் திறக்கச் சொல்லிச் சொத்தைப் பல்லைத் தேடுகிற பார்வை.

"குறையெல்லாம் நீங்களே சொல்லிடுவீங்கன்னு கேள்விப்பட்டோம்" என்றார்.

அண்ணி ஆரம்பித்தார். சுவர் ஈரம், கவுன்ட்டரை எடுத்தால் தரை பெயரும், பாத்ரூமுக்கு மேனேஜர் அறை வழியாகத்தான் போக வேண்டும், பின்கதவு மழையில் உப்பிக்கொள்ளும். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"வேற?"

அண்ணியின் கண் ஒரு தரம் கண்ணாடிப் பக்கம் போய்த் திரும்பியது. "வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லாக்கர் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதையும் அவர் சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் உள்ளே மாட்டியவன் கதி என்ன என்ற கேள்வி வரும், அது நேரே கண்ணாடிக்குப் பின்னால் கொண்டுபோய் விடும்.

ஒலிப்பதிவாளர் லாக்கர் அறைக்குள் போய் ஒரு கைதட்டு தட்டினார். இன்னொரு தட்டு. பிறகு குழந்தை மாதிரி சிரித்தார். "இங்க பாரு, தட்டின சத்தம் அங்கயே நின்னுடுது. இந்த மாதிரி ஒரு ரூமுக்குத்தான் நான் இத்தனை வருஷமா அலையறேன். காசைக் கொட்டிக் கட்டினாலும் இப்படி வராது. யார் கட்டினாங்களோ, யார் இவ்ளோ நாள் கெடுக்காம வச்சிருந்தாங்களோ, அவங்க கையைப் புடிச்சுக்கணும்" என்றார்.

அப்போது கேஷியர் அந்த அறைக்குள்தான் இருந்தார். அறை மடங்குகிற இடத்தில், இரும்பு அலமாரிக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். தெருவில் இறங்கியவர் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிவந்து, நாங்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோதே உள்ளே நுழைந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. ஒலிப்பதிவாளர் வெளியே வந்தார், விளக்கை அணைத்தார். "கதவு எப்படி மூடுதுன்னு பாப்போமே" என்று காலால் கட்டையைத் தட்டிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு வழுக்கிக்கொண்டு போய் 'டொக்' என்று விழுந்தது.

அண்ணி முகத்தில் ஒரு திகைப்பு வந்து மறைந்தது. "பரவால்ல, சாவி ஓனர்கிட்ட இருக்கு. வந்து திறந்து விடுவாரு. வாங்க, சமையல்கட்டைப் பாக்கலாம்" என்றார்.

சமையல்கட்டில் டாக்டரம்மா ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். அப்புறம் மேனேஜர் அறை. பாத்ரூம். மாடி. தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு இடத்தையும் ஆற அமரப் பார்த்தார். அந்த நேரமெல்லாம் ஒரு கிழவர் இருட்டில் நின்று, கையால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எத்தனை கத்தினாலும் வெளியே ஒரு சொல் வராது. ஒலிப்பதிவாளர் மெச்சியதே அதைத்தான்.

ஒருவழியாகக் கீழே வந்தோம். ஒலிப்பதிவாளர், "சுவரையும் ஒரு தடவை கேட்டுப் பாத்துடறேன்" என்று பையைப் பிரித்தார். சுவரில் ஒட்டி வைத்துக் கேட்கிற ஒரு மைக், ஹெட்போன். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி கூடத்துச் சுவரில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். அண்ணி என்னிடம், "கேஷியரைக் கூப்பிடு, சாவியோட வரட்டும்" என்றார்.

நான் போன் அடித்தேன். மணி சமையல்கட்டில் ஒலித்தது. போய்ப் பார்த்தால் ஜன்னல் விளிம்பில் போன் கிடந்தது. பக்கத்தில் இன்ஹேலர்.

இரண்டையும் எடுத்துவந்து அண்ணியிடம் காட்டினேன். "மறந்துட்டுப் போயிருப்பாரு" என்றார், ஆனால் குரல் சரியில்லை. பாத்ரூமுக்குப் போனால்கூட இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் அவர்.

ஒலிப்பதிவாளர் அப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோயிருந்தது. எங்களைக் கையமர்த்தினார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.

"உள்ள யாரோ தட்டுறாங்க" என்றார்.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். பின்கதவுக்கு உள்பக்கம் குடை சாத்தியிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்திலேயே அவருடைய செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. நான் திரும்பி வந்து சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அண்ணி புரிந்துகொண்டார்.

"சாவி?" என்றார் டாக்டரம்மா.

"அவர்கிட்ட" என்றார் அண்ணி.

"இன்னொரு செட்?"

"கிடையாது."

"பூட்டு திறக்கிறவங்க யாராச்சும்? காத்து எவ்ளோ நேரம் தாங்கும்? அவருக்கு வயசென்ன?"

அண்ணி நேரே கண்ணாடிக்கு முன்னால் போனார், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார், ஆணி மாட்டிக்கொண்டது, இழுத்தார். கண்ணாடி நழுவித் தரையில் விழுந்து சிதறியது. "சுத்தியல்" என்றார். கேஷியரின் கருவிப் பெட்டியிலிருந்து நான் சுத்தியலைக் கொண்டுவந்து அடித்தேன். சுண்ணாம்பு உதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது, பலகை அசையவில்லை. அண்ணி கண்ணாடித் துண்டுகளின் மேல் நின்றுகொண்டு நகத்தால் பலகையின் விளிம்பைத் தோண்டினார். அடித்த ஆள் நல்ல வேலைக்காரன், அவன் வேலைத்திறமையை அன்றைக்கு மனதாரச் சபித்தேன். ஒலிப்பதிவாளர் மைக் மாட்டுகிற இரும்புக் கம்பியை விளிம்பில் கொடுத்து நெம்பினார். பலகை பிளந்து வந்தது.

உள்ளே இரும்பு மூடி. பலகை இடுக்கு வழியாகப் பட்டி உள்ளே இறங்கி, திருகின் மேல் இறுகிப் பிடித்திருந்தது. நான் திருகினேன், கை வழுக்கியது. ஒலிப்பதிவாளர் திருகினார். ம்ஹூம்.

ஹெட்போன் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் காதில் வைத்தார். "சத்தம் நின்னுடுச்சு" என்றார்.

"தள்ளுங்க" என்று டாக்டரம்மா முன்னால் வந்தார். கைக்குட்டையைத் திருகின் மேல் சுற்றி, காலை ஊன்றி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது மாதிரி முதலில் ஒரு அசைப்பு, பிறகு ஒரே இழுப்பு. திருகு சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. மூடி திறந்தது.

இருட்டு. நான் போன் வெளிச்சத்தை அடித்தேன். உள்மூடி திறந்திருந்தது. அவர் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறார், இந்தப் பக்கம் பலகை இருக்கும்போது என்ன செய்வார்? ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"ஐயா" என்று அண்ணி கூப்பிட்டார். "ஐயா, நான்தான். ஐயா." சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். என் அண்ணி கெஞ்சி நான் கேட்டதில்லை. இந்த மனுஷனைக் கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் வந்தது குரல் இல்லை. விசில் மாதிரி இழுத்து இழுத்து வருகிற மூச்சு.

"உயிரோட இருக்காரு" என்றார் டாக்டரம்மா. பிறகு ஓட்டையில் வாய் வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "நான் டாக்டர் பேசுறேன். பயப்படாதீங்க. உக்காந்திருக்கீங்களா? அப்படியே இருங்க. மருந்து வருது, கையை மட்டும் மேல நீட்டுங்க." இன்ஹேலரைக் கம்பி நுனியில் நூலால் கட்டி உள்ளே செலுத்தினோம். அது சுவருக்குள் அங்குலம் அங்குலமாகப் போனது. அந்தப் பக்கம் ஒரு விரல் தெரிந்தது. இன்ஹேலரைத் தொட்டது, தவறவிட்டது, மறுபடி தேடியது, பிடித்தது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தரம் கேட்டது. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவிக்கொத்து கம்பியில் கோர்த்து வெளியே வந்தது. "சின்னது... முதல்ல... இடப்பக்கம்" என்று உள்ளேயிருந்து குரல். "பெரிசு அரைச் சுத்து போதும்... கைப்பிடியத் தூக்கணும்... கீழ அழுத்திடாதீங்க." அந்த நிலையிலும் விளக்கம் குறையவில்லை.

கதவைத் திறந்தபோது அவர் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வியர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது, உதடு நீலம் பூத்திருந்தது. தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். டாக்டரம்மா நாடி பார்த்தார், தண்ணீர் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று பயந்த முகம்.

"கோச்சுக்காதீங்கம்மா. நான் வாயே திறக்கல" என்றார்.

நான்தான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. "எதுக்கு சார் உள்ள போய் ஒளிஞ்சீங்க? அவர் உள்ள வந்து கைதட்டினப்பவாவது ஒரு குரல் கொடுத்திருக்கலாமே."

கேஷியர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு தடவையும் அம்மா வாசல்ல நின்னு சொல்றதைத்தான் கேட்டிருக்கேன். ஒழுகும், உப்பும், பெயரும், ஈரம். எல்லாம் நெசம்தான். அதோட என்னை வெளிய அனுப்பிடுவாங்க. உள்ள வந்து யாராச்சும் நல்லதா ஒரு வார்த்தை சொல்றாங்களான்னு கேக்கணும்னு ஆசை. அதுக்குத்தான் போனேன். மணியடிச்சு மாட்டிக்கக்கூடாதுன்னு போனைச் சமையல்கட்டுல வச்சேன், கூடவே மருந்தையும் எடுத்து வச்சது மறந்துபோச்சு. இவரு சொன்னாரு." ஒலிப்பதிவாளரைக் காட்டினார். "கையைப் புடிச்சுக்கணும்னாரு. அந்த நேரத்துல குறுக்க பேசினா கெடுத்துடுவேனோன்னு நின்னுட்டேன். அப்புறம் கதவு மூடிடுச்சு."

ஒலிப்பதிவாளர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னதைச் செய்துவிட்டார். கண் மட்டும் அந்த ஓட்டையிலேயே நின்றது. "வயர் கொண்டுபோக இந்தச் சுவத்தைத் துளைக்க முடியுமான்னுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு" என்றார் மெதுவாக. "ஓட்டை இருக்குன்னு வாசல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, நான் உள்ள வராமலே சரின்னு சொல்லியிருப்பேன்."

அண்ணி தலையைத் தூக்கவில்லை. கால் பெருவிரலில் கண்ணாடி கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

டாக்டரம்மா எழுந்தார். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று நான் தயாரானேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"வேற ஒண்ணுமில்லன்னீங்க" என்றார்.

"ஆமா" என்றார் அண்ணி.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. மிச்ச வீட்டை இவரே காட்டட்டும்."

அண்ணி போய் வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா பின்னாலேயே வந்து, மழை பெய்கிறது என்று கேஷியரின் குடையை அண்ணி கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தெருமுனையில் போய் நின்றோம். ஒரு குடைக்குள் இரண்டு பேர். அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கேஷியரின் இருமல் கேட்டது, பிறகு அவர் பேச்சு, நிறுத்தாமல். பியூன் அழுத அழுகையைக்கூட நடித்திருப்பார்போல, டாக்டரம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "ரொம்பப் பேசுறாரு, கெடுத்துடப் போ..." என்று அண்ணி ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "பயந்துட்டேன்டா" என்றார். அழுதார். நான் அவர் பக்கம் திரும்பாமல் குடையை மட்டும் அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. கேஷியர் வாசற்படியில் வந்து நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். கிட்டே போனதும், "வித்துட்டேன்மா" என்றார். முகமெல்லாம் பெருமை. சொல்லி முடித்து, திரும்பிக் கவுன்ட்டரைப் பார்த்தார், கம்பி போட்ட அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்தார். அழுகையில் வாய் கோணிக்கொண்டது. அவர் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கையால் துழாவினார். அண்ணி ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டார்.

இப்போதெல்லாம் அண்ணி வீடு காட்டப் போகும்போது கூடத்தின் நடுவில் முதலில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்கிறார். வீட்டுக்காரர் உட்கார. கண் கலங்குகிறார்கள், சொல்லக்கூடாததையெல்லாம் சொல்கிறார்கள், பாதி வியாபாரம் கெட்டுப்போகிறது. நான் முணுமுணுத்தால் அண்ணி என்னை ஒரு பார்வை பார்ப்பார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறேன்.